பகடையைப் புரட்டிய விரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியல் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. ஸ்டார் வார்ஸ் படங்களிலும் தொடர்களிலும் மிகச் சிறந்த பத்துக் கணங்கள் எவை என்று நீயும் உன் தோழிகளும் இரவெல்லாம் வாதிட்டு, ஒருவழியாக எழுதி முடித்து, அப்பாவும் நானும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். அப்பா அன்றைக்கே தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நான்காம் இடத்தில் நீ வைத்திருப்பதை முதலிடத்துக்குக் கொண்டுவராத வரை உன்னோடு இது பற்றிப் பேசப் போவதில்லை என்றும் சொல்கிறார். எனக்கு இத்தனை நாள் பிடித்ததற்குக் காரணம் உண்டு. உன் பட்டியலை மறுப்பதற்கு முன், ஒரு கணம் சிறந்தது என்று சொல்ல அதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக எல்லாப் படங்களையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தேன், கையில் குறிப்பேட்டுடன். சிரிக்காதே.

முதலிடத்தை 2016-இல் வந்த 'ரோக் ஒன்' படத்தின் இறுதியில் வரும் கப்பல் நடைபாதைக்கு அளித்திருக்கிறாய். அந்தக் காட்சியின் வலிமையை நான் மறுக்கவில்லை. முழு இருட்டு, அதற்குள்ளிருந்து அந்த மூச்சொலி, பிறகு செந்நிற ஒளிவாள் உயிர்பெற்றதும் அதன் வெளிச்சத்தில் தெரியும், பேரரசின் கொடிய தளபதி டார்த் வேடரின் உருவம், அதற்குப் பின் யாரும் தப்பாத அந்தப் படுகொலை. படம் வெளியாகச் சில மாதங்களே இருந்தபோது சேர்க்கப்பட்ட காட்சி அது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நீ அச்சப்பட்டது எதற்கு என்று யோசித்துப் பார். அந்த மூச்சுக்குத்தானே? அந்த மூச்சை 1977-ஆம் ஆண்டுப் படத்துக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், ஆழ்கடலில் மூழ்குவோர் பயன்படுத்தும் சுவாசக் கருவிக்குள் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அச்சத்தை அந்த நடைபாதை ஒரு நிமிடத்தில் செலவழிக்கிறது. அது சேமித்த பணமன்று, எடுத்துச் செலவழித்த பணம். அந்தக் காட்சியில் அதற்கே சொந்தமானது ஒன்றே ஒன்றுதான்: கதவு சிக்கிக்கொள்ள, தான் பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒரு பெயரில்லாத போராளி, எதிரியின் போர்நிலையத் திட்ட வரைபடங்கள் அடங்கிய அட்டையைக் கதவிடுக்கின் வழியே மறுபக்கம் நீட்டும் கை. அந்தக் கைக்காக வேண்டுமானால் உன் முதலிடத்துக்கு நான் மரியாதை செலுத்துவேன். ஆனால் நீ எழுதியிருப்பது வேடரின் பெயரை; அந்தக் கையை அல்ல.

அப்பாவின் கட்சிக்கு வருகிறேன். 1980-இல் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில், மேக நகரத்தின் அடியாழத்தில், வலக்கையை இழந்து தொங்கிக்கொண்டிருக்கும் கதாநாயகன் லூக்கிடம் வேடர் தாமே அவனுடைய தந்தை என்று சொல்லும் இடம். அதைப் படமாக்கியபோது வேடரின் உடைக்குள் நின்ற டேவிட் பிரவுஸ் பேசிய வசனம் வேறு. லூக்கின் தந்தையைக் கொன்றவர் அவனுடைய ஆசான் ஓபி-வான் என்றுதான் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்களின் காதில் விழுந்தது. உண்மையைக் காட்சிக்குச் சற்று முன்னால் லூக்காக நடித்த மார்க் ஹேமிலிடம் மட்டும் இயக்குநர் அர்வின் கெர்ஷ்னர் சொன்னார். பின்னர்க் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அந்த வசனத்தைப் படித்துவிட்டு, வேடர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தாராம். இத்தனை பாதுகாத்து வைத்த இரகசியத்தை இன்று படம் பார்க்காத குழந்தைக்கும் தெரியும். அப்பா அதை முதன்முறை பார்த்தபோது அடைந்த அதிர்ச்சி உனக்குக் கிடைக்கவே இல்லை என்பதால்தான் நீ அதை நான்காம் இடத்துக்குத் தள்ளினாய் என்று நினைக்கிறேன். அதில் உன்மேல் குற்றமில்லை. ஆனால் அதிர்ச்சி தீர்ந்துபோன பிறகும் அந்தக் காட்சியில் ஒன்று மிஞ்சி நிற்கிறது. செய்தியைக் கேட்ட லூக், நீட்டப்பட்ட கையைப் பற்றாமல், பிடியைத் தானே விட்டுக் கீழே விழுகிறான். தந்தை சொன்னதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மகன் செய்ததை மறந்துவிடுகிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவும் தம் கட்சிக்கே வலு சேர்ப்பதாகச் சொல்லிவிட்டார். வாதத்தில் அவரை வெல்வது என்றைக்கு நடந்திருக்கிறது?

இரண்டாம் இடத்தில் நீ வைத்திருக்கும் இரட்டைச் சூரியன்களின் மறைவைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் கூற வேண்டியதில்லை. டாட்டூயின் என்னும் பாலைவனக் கோளில், தன் வாழ்க்கை எங்கோ வேறிடத்தில் நடந்துகொண்டிருப்பதாக நம்பும் ஓர் இளைஞன் தொடுவானத்தைப் பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் முதலில் வேறொரு இசையை எழுதியிருந்தார் என்பதையும், இப்போது நாம் கேட்கும் இசை பின்னர் மாற்றி அமைக்கப்பட்டது என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். மாற்றியிராவிட்டால் இந்தக் கணம் யாருடைய பட்டியலிலும் இருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. இந்தச் சூரியன்களை மனத்தில் வைத்துக்கொள். சிறிது நேரத்தில் அவற்றிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

நான் முன்னிறுத்தும் கணம் உன் பட்டியலில் இல்லை. நான் கேள்விப்பட்ட எவருடைய பட்டியலிலும் இல்லை. அது இருப்பதோ, உன் தோழிகள் அனைவரும் சேர்ந்து எள்ளி நகையாடும் படத்தில்: 1999-ஆம் ஆண்டின் 'தி ஃபாண்டம் மெனஸ்'. வணிகப் பாதைகளுக்கு விதிக்கப்பட்ட வரியைப் பற்றிய தகராறில் தொடங்கும் படம், ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளி தடுக்கி விழும் படம், ஃபோர்ஸ் என்னும் பேராற்றலை இரத்தத்தில் அளந்து காட்டப் புறப்பட்ட படம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அந்தப் படத்தின் குறைகளை எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் இன்னும் மூன்று மடங்கு நீளும். ஆயினும் நல்ல படத்தில்தான் நல்ல கணம் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நீயே அந்தப் படத்தின் இறுதியில் வரும் மூவர் வாட்போரை ஐந்தாம் இடத்தில் வைத்திருக்கிறாயே! அதற்குப் பின்னணியில் பாடும் குழுவினர், பழைய வெல்ஷ் கவிதை ஒன்றின் வரிகளைச் சமஸ்கிருதத்தில் ஆக்கிப் பாடுகிறார்கள் என்பது போகிற போக்கில் ஒரு செய்தி.

சரி, காட்சிக்கு வருவோம். ஃபோர்ஸைக் கையாண்டு குடியரசைக் காக்கும் ஜெடாய் என்னும் அமைப்பின் வீரர் குவாய்-கான் ஜின், பழுதான கப்பலோடு டாட்டூயினில் மாட்டிக்கொள்கிறார். கையில் இருபதாயிரம் குடியரசு நாணயம் இருந்தும் அது அங்கே செல்லாது. உதிரிப் பாகங்களின் வணிகன் வாட்டோவின் மனத்தை வசப்படுத்த முயன்றால் அதுவும் பலிக்கவில்லை. அந்த வாட்டோவுக்கு அடிமைகளாக இருப்பவர்கள் ஷ்மி ஸ்கைவாக்கரும் அவளுடைய ஒன்பது வயது மகன் அனாகினும். பின்னாளில் டார்த் வேடராகப் போகிறவன், லூக்கின் தந்தை, இந்தப் பையன்தான். தப்பி ஓடினால் வெடித்துச் சிதறடிக்கும் கருவி அவர்கள் உடலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அனாகின் ஓட்டப்போகும் பந்தயத்தின்மேல் குவாய்-கான் பணயம் வைக்கிறார். பையன் வென்றால் தாயும் மகனும் இருவருமே விடுதலையாக வேண்டும் என்று கேட்கிறார். ஒரு பந்தய ஊர்திக்கு இரண்டு அடிமைகள் கட்டுப்படியாகாது என்கிறான் வாட்டோ. அப்படியானால் ஒருவர். யார் அந்த ஒருவர் என்பதை முடிவு செய்ய அவன் பகடையை எடுக்கிறான். நீலம் விழுந்தால் மகன், சிவப்பு விழுந்தால் தாய்.

பகடை உருள்கிறது. குவாய்-கானின் கை மிக மெல்ல அசைகிறது. பகடை நீலத்தில் நிற்கிறது.

அரை நிமிடம்கூட ஆகாத காட்சி. சகுனியின் கையைப் பற்றி நமக்கு எத்தனை கதைகள் உண்டு! அங்கே பகடையைப் புரட்டியவன் தீயவன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கேட்பவர்களுக்குச் சினம் வரும்படியாகத்தான் அந்தக் கதையைச் சொல்கிறோம். இங்கே பகடையைப் புரட்டியவர் அந்தப் படத்திலேயே மிக நல்லவர். பரிவுள்ளவர், தம் சபையின் கட்டளையைவிடத் தம் மனச்சான்றை மதிப்பவர். அதனால் திரையரங்கில் அமர்ந்திருந்த நாமெல்லாம் அந்தக் கை அசைந்தபோது மகிழ்ந்தோம். ஏமாற்றுக்காரனை ஏமாற்றிவிட்டார் என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒரு தாயை அடிமைத்தளையிலேயே விட்டுவிடுவதற்காக அசைந்த கை அது என்பது எனக்கு உறைக்க மூன்று முறை பார்க்க வேண்டியிருந்தது. பகடையைத் தானாக விழ விட்டிருந்தால் தாய்க்குப் பாதி வாய்ப்பாவது இருந்தது. அந்தப் பாதியையும் எடுத்துவிட்டவர் ஒரு ஜெடாய்.

பந்தயத்தில் வென்று, ஊர்தியை விற்ற பணத்தைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவும் விடுதலையா என்று அனாகின் கேட்கிறான். முயன்றேன், வாட்டோ ஒப்புக்கொள்ளவில்லை என்கிறார் குவாய்-கான். அது பொய் என்று சொல்ல முடியாது. உண்மை முழுவதும் அதில் இல்லை என்று மட்டும் சொல்லலாம். பிறகு விடைபெறும் காட்சி. சிறிது தூரம் நடந்த பையன் தன்னால் முடியாது என்று தாயிடமே ஓடி வருகிறான். மீண்டும் பார்ப்போமா என்று கேட்கிறான். திரும்பி வந்து விடுவிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். மாற்றத்தைத் தடுக்க முடியாது, சூரியன்கள் மறைவதைத் தடுக்க முடியாதது போல, என்று முன்னதாக வீட்டிற்குள் அவனிடம் சொன்ன ஷ்மி, இப்போது திரும்பிப் பார்க்காமல் போ என்கிறாள். அதை இரண்டு முறை சொல்கிறாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். 1977-இல் லூக் பார்த்து நின்ற சூரியன்கள்தாம் அவை. பேரன் அந்தச் சூரியன்களைப் பார்த்துப் போக வேண்டும் என்று ஏங்கியதை நீ இரண்டாம் இடத்தில் வைத்தாய். அதே சூரியன்களைச் சொல்லி மகனை அனுப்பி வைத்த பாட்டியை உன் பட்டியலில் நான் தேடிப் பார்த்தேன்.

இந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீ அம்மா, நான் தொலைவில் இருக்கிறேன், அதனால் உனக்கு ஷ்மி பெரிதாகத் தெரிகிறாள் என்பாய். அந்தக் குற்றச்சாட்டை முழுவதும் மறுக்க மாட்டேன். நீ கிளம்பிய நாளில் நானும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னேன், நீயோ நான்கு முறை திரும்பிப் பார்த்தாய். ஆனால் என் வாதம் அதன்மேல் நிற்கவில்லை. ஷ்மியாக நடித்த பெர்னிலா ஆகஸ்ட் 1992-இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்ற ஸ்வீடன் நாட்டுக் கலைஞர். மரக்கட்டை போன்ற வசனங்கள் நிறைந்த அந்தப் படத்தில், எல்லாச் சொற்களையும் மனிதர் பேசும் சொற்களாக ஆக்கியவர் அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து. அந்தப் படத்துக்காக வில்லியம்ஸ் எழுதிய அனாகினின் இசைக்கருவை உற்றுக் கேள். குழந்தைத்தனமான அந்த மெட்டு முடியும் இடத்தில் வேடரின் படையணிவகுப்பு இசையின் சுரங்கள் ஒளிந்திருக்கின்றன. இசையமைப்பாளருக்குத் தெரிந்திருந்தது, இந்தப் பையன் எங்கே போய்ச் சேரப் போகிறான் என்று. காட்சியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு கணத்தின் பெருமையை அது நம்மை அந்த நேரத்தில் எவ்வளவு உலுக்கியது என்பதைக் கொண்டு நீ அளக்கிறாய். நான் வேறுவிதமாக அளக்கிறேன்: அதை உருவி எடுத்தால் எத்தனை கணங்கள் சரிந்து விழும்? நடைபாதைக் காட்சியை எடுத்துவிடு. 'ரோக் ஒன்' சற்றுச் சுவை குன்றும், அதற்கு மேல் ஒன்றுமில்லை, வரைபடங்கள் இளவரசி லேயாவிடம் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். பகடையை எடுத்துப் பார். பையன் ஜெடாய் சபையின் முன் நிற்கிறான். அவன் எண்ணமெல்லாம் தாயிடம் இருக்கிறது என்று கண்டுகொண்ட சபையினர் அதை ஒரு நோயின் அறிகுறி போலப் பார்க்கிறார்கள். தாயை இழக்க அஞ்சுகிறாய் என்கிறார் சபையின் மூத்த ஆசான் யோடா. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பையன் திருப்பிக் கேட்கிறான். எல்லாத் தொடர்பும் உண்டு என்று சொல்லி, அச்சத்தில் தொடங்கிச் சினம், வெறுப்பு, துன்பம் என்று நீளும் புகழ்பெற்ற அந்தச் சங்கிலியை யோடா விளக்குகிறார். அந்த விளக்கத்தை ஞானம் என்று எண்ணித்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே எண்ணம்தான்: சங்கிலியின் முதல் கண்ணியை இவ்வளவு தெளிவாகக் காண முடிந்த அத்தனை பெரியவர்களில் ஒருவருக்குக்கூட, ஆள் அனுப்பி அந்தப் பெண்ணை மீட்டுக்கொண்டு வரத் தோன்றவில்லையே!

பத்து ஆண்டுகள், மகளே. பத்து ஆண்டுகளில் யாரும் போகவில்லை. குவாய்-கான் இறந்துவிட்டார், அவரை விட்டுவிடலாம். அவருடைய மாணவர் ஓபி-வானுக்குத் தெரியும். ஷ்மியின் வீட்டில் தங்கி, அவள் மகனால் தன் நாட்டையே மீட்டுக்கொண்ட அரசி பத்மேவுக்கும் தெரியும். அவளை விலைக்கு வாங்கி விடுவித்து மணந்துகொண்டவன் கிளிக் லார்ஸ் என்னும் காற்றிலிருந்து நீரெடுத்துப் பிழைக்கும் சாதாரணமான ஓர் ஈரப்பத விவசாயி. கோடிக்கணக்கான உலகங்களைக் காக்கும் அமைப்பு செய்யாததை அவன் செய்தான். 2002-ஆம் ஆண்டுப் படத்தில் தாயைப் பற்றிய கொடுங்கனவுகளைச் சொல்லும் அனாகினிடம், கனவுகள் நாளடைவில் கடந்துபோகும் என்கிறார் ஓபி-வான். கனவு கடந்துபோகவில்லை. டஸ்கன் என்னும் பாலைவனக் கூட்டத்தாரிடம் ஒரு மாதமாகச் சிறைப்பட்டிருந்த ஷ்மியை அனாகின் கண்டுபிடிக்கிறான்; அவள் அவன் கைகளில், சொல்லத் தொடங்கிய அன்புச் சொல்லை முடிக்காமலே இறக்கிறாள். அந்த இரவில் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் அவன் அந்தக் குடியிருப்பையே வெட்டி அழிக்கிறான். அதற்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை. அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது என்ன என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்: ஜெடாய்களின் அறிவுரையைக் கேட்டுக் காத்திருந்தால் நமக்கு வேண்டியவர் இறந்துபோவார்.

அதனால்தான் 2005-இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' படத்தில் மனைவியாகிவிட்ட பத்மேவைப் பற்றி அதே போன்ற கனவு வந்தபோது, இழக்க அஞ்சும் அனைத்தையும் விட்டுவிடப் பழகிக்கொள் என்று யோடா சொன்ன அறிவுரை அவன் காதில் ஏறவில்லை. இசை நாடக அரங்கில் அருகே அமர்ந்து, ஜெடாய்களின் பகைவரான சித் கூட்டத்தில் இறப்பைத் தடுக்கும் வித்தை தெரிந்த ஒரு ஞானியின் கதையைச் சொன்ன, பின்னாளில் பேரரசராகும் பால்பட்டீனின் குரல் ஏறியது. உன் தோழி ஒருத்தி அந்த அரங்கக் காட்சியைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வாதிட்டதாகவும், வெறும் பேச்சுத்தானே என்று நீங்கள் தள்ளிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அவளுக்கு என் வாழ்த்துகளைச் சொல். கத்தியைச் சுழற்றாமல், குரலைக்கூட உயர்த்தாமல், ஒருவன் இன்னொருவனின் வாழ்வை வாங்கிவிடுவதை அந்தக் காட்சியைப் போல இந்தத் தொடரில் வேறெதுவும் காட்டவில்லை. ஆனால் பால்பட்டீன் விற்ற பொருளுக்குத் தேவையை உண்டாக்கியவர்கள், பகடையைப் புரட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவர்கள்.

1977-லும் 1983-லும் எடுத்த படங்களுக்கு 1999-இல் எடுத்த காட்சி எப்படி அடித்தளமாகும், இதையெல்லாம் ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் முதலிலேயே திட்டமிட்டாரா என்று கேட்பாய். திட்டமிடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் படம் வெளியானபோது அதன் தொடக்க எழுத்துகளில் நான்காம் அத்தியாயம் என்ற குறிப்பே கிடையாது. 1981-இல் மறுபடி வெளியிட்டபோதுதான் சேர்த்தார்கள். கட்டி முடித்த வீட்டுக்குக் கீழே போய் அடித்தளம் போட்ட கதைதான் இது. அதனால் அடித்தளம் தாங்கவில்லை என்று ஆகுமா? வீட்டில் நடந்து பார்த்தால்தானே தெரியும்?

நான் நடந்து பார்த்த இடம் இது. 1983-இன் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்', பேரரசரின் அரியணை அறை. தந்தையின் இயந்திரக் கையை வெட்டிய லூக், கையுறையணிந்த தன் கையைப் பார்த்துவிட்டு ஒளிவாளை எறிந்துவிடுகிறான். பேரரசர் அவன்மேல் மின்னலைப் பாய்ச்சுகிறார். மகன் தரையில் துடித்துத் தந்தையை அழைக்கிறான். வேடர் அங்கே நிற்கிறார். அசையாத கறுப்பு முகமூடி. அதற்குள் என்ன நடக்கிறது என்று காட்ட நடிப்பவருக்கு ஒரு தசைகூட இல்லை. அந்தத் தலை பேரரசரின் பக்கம் திரும்புகிறது. மகனின் பக்கம் திரும்புகிறது. மீண்டும் பேரரசரின் பக்கம். மகனின் பக்கம். திரும்பிப் பார்க்காமல் போ என்று சொல்லி அனுப்பப்பட்ட பையன், வாழ்நாள் முழுவதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தவன், கடைசியில் திரும்பிப் பார்க்கிறான். பிறகு நடப்பது உனக்குத் தெரியும். முகமூடியைக் கழற்றச் சொல்லி, தன் சொந்தக் கண்களால் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண் மூடுகிறான்.

இந்தக் கணத்தை நீ ஏழாம் இடத்தில் வைத்திருக்கிறாய். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, நீ பார்த்த பதிப்பு. 2011-இல் வந்த புளூ-ரே பதிப்பில், அந்த மௌனத்துக்குள் வேடர் வேண்டாம் என்று கத்தும் குரலைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்த முகமூடியின் திருப்பத்தில் நாங்களே படித்துக்கொண்டதை உரக்கச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். கடத்தல்காரன் ஹான் சோலோ முதலில் சுட்டானா, அவனைப் பிடிக்க வந்த கிரீடோ முதலில் சுட்டானா என்று 1997-இன் மாற்றத்தை வைத்துச் சண்டை பிடிப்பவர்கள், இந்தக் குரலுக்காக அதைவிடப் பத்து மடங்கு சண்டை பிடித்திருக்க வேண்டும். அப்பா வைத்திருக்கும் பழைய நாடாவில் அந்தக் குரல் கிடையாது. நீ வரும்போது போட்டுக் காட்டுகிறேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இன் 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தில் எதிர்ப்புப் படைத் தலைவி ஹோல்டோ தம் கப்பலை ஒளிவேகப் பாய்ச்சலில் எதிரியின் கப்பல்மேல் மோதவிடும்போது வரும் ஒலியற்ற நொடிகள், மூன்றாம் இடத்துக்குத் தகுதியானவையே. ஒலிபெருக்கி பழுதாகவில்லை, இது வேண்டுமென்றே வைத்த மௌனம் என்று அமெரிக்கத் திரையரங்கில் அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்ததே, அதுவே அதன் வெற்றி. 2015-இல் வந்த படத்தில் பாலத்தின்மேல் தன்னைக் குத்திய மகனின் கன்னத்தை ஹான் சோலோ தடவும் இடம் எட்டாம் இடத்தில் இருப்பது குறைவுதான், ஆனால் அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஒன்பதாம் இடத்தில், உறைய வைக்கப்படும் முன் லேயா தன் காதலைச் சொல்ல, ஹான் தனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்வது. எழுதி வைத்த வசனத்தை விலக்கி, ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்டும் கெர்ஷ்னரும் தளத்திலேயே கண்டெடுத்த பதில் அது. இருக்கட்டும். ஆறாம் இடத்துக்கு நீ எழுதிய காரணம் இரண்டு பக்கம் நீள்கிறது. அனாகினின் மாணவி அசோகா பற்றி உன்னோடு வாதிட எனக்கு அந்த அசைபடத் தொடர்களில் போதிய பழக்கம் இல்லை, ஆகவே ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் இடத்தில்தான் உன்னை மடக்கப் போகிறேன். 'தி மாண்டலோரியன்' தொடரின் இரண்டாம் பருவ முடிவில், 2020-ஆம் ஆண்டு, லூக் வந்து நடைபாதையில் இயந்திரப் படையை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்ப்பதை எழுதியிருக்கிறாய். இதுவும் ஒரு நடைபாதைதான். உனக்கு நடைபாதைகள்மேல் என்ன அப்படி ஒரு பிரியம்? அதற்கு அடுத்த மூன்று நிமிடங்களை நீ குறிப்பிடவே இல்லை. ஒரு ஜெடாய், பெற்றெடுக்காமலே பெற்றவனாகிவிட்ட ஒருவனிடமிருந்து ஒரு குழந்தையை அழைத்துப் போக வந்து நிற்கிறார். குழந்தை நகரவில்லை. அவன் உங்கள் அனுமதியை எதிர்பார்க்கிறான் என்கிறார் ஜெடாய், சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். யாரும் எதையும் புரட்டவில்லை. பிறர் முன் முகத்தைக் காட்டுவதே கூடாது என்னும் நெறியில் வளர்ந்த அந்த வளர்ப்புத் தந்தை டின் ஜாரின், தலைக்கவசத்தைக் கழற்றி, குழந்தையின் சின்னக் கை தன் முகத்தைத் தொட விடுகிறான். மறுபடியும் பார்ப்பேன், இது வாக்கு என்கிறான். அந்த ஜெடாய் யாருடைய மகன், யாருடைய பேரன் என்பதை நினைத்துக்கொண்டு அந்த மூன்று நிமிடங்களைப் பார். அதற்கு முன், 'தி ஃபாண்டம் மெனஸ்' படத்தில் பகடை உருளும் காட்சியையும் விடைபெறும் காட்சியையும் பார்த்துவிடு. அவற்றுக்கு நடுவே உள்ள பந்தயத்தை வேண்டுமானால் ஓட்டிவிடலாம், தடையில்லை.

பார்த்து முடித்த பிறகு பட்டியலைத் திருத்தி அனுப்பு. நடைபாதை முதலிடத்திலேயே இருந்தாலும் சரி, காரணத்தை எழுது. அப்பாவுக்கான கடிதத்தைத் தனியாக எழுது. என் கடிதத்தில் அவருக்கும் சேர்த்து எழுதினால் அதைத் தம் வெற்றிக்கான சான்றாகக் காட்டிக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா